ஜன்னல்ல வந்து நிக்கிற கடுவனால உள்ள இருக்கிற ரெண்டு பூனைக்கும் சண்டை

ஹட்டன்_மூடுபனி:

ஹட்டன் டவுனுக்கு வெளிய, தேயிலை மலையை ஒட்டின வாடகை வீடு. வீட்டுக்குள்ளயே வளர்ற பூனை ரெண்டு. பெட்டைக்கு நாலு வயசு, கடுவனுக்கு ரெண்டு. ரெண்டுக்கும் கருத்தடை செஞ்சிருக்கு. போன மாசம் வரைக்கும் ஒரே சாக்குல சுருண்டு படுத்ததுங்க.

இப்ப பொழுது சாயுற நேரமும் விடியக்காலையும் வெளியில இருந்து ஒரு மஞ்சள் கடுவன் வருது. கன்னம் ரெண்டும் உப்பி, ஒரு காது கிழிஞ்ச பூனை. முன் ஜன்னலுக்கு வெளிய விறகு அடுக்கு மேல ஏறி உள்ளயே பாத்துக்கிட்டு இருக்கும். பெட்டை வாலை உப்பிக்கிட்டு ஊளையிடும், அடுத்த நிமிஷம் திரும்பி நம்ம கடுவன் மேலயே பாயும். வெளிக்கதவுலயும், இஸ்தோப்புல, அதாவது முன் விறாந்தையில, கழட்டி வைக்கிற சப்பாத்துலயும் அந்தப் பூனை பீச்சிட்டுப் போகுது. இப்ப உள்பக்கம் கதவோரச் சுவர்லயும் அதே நாத்தம்.

பக்கத்துல தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்துல எலிக்காகப் பூனை வளக்கிறாங்க, இது யாருடையதுன்னு தெரியல. பூச்சி உருண்டை போடுங்க, மிளகாய்த்தூள் தூவுங்க, சாக்குல பிடிச்சு வேற தோட்டத்துல விட்டுட்டு வாங்கன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எது சரிவரும்? உள்ள இருக்கிற ரெண்டையும் திரும்பச் சேர்க்க முடியுமா?

பண்டாரவளை_அக்கா:

வெளிப் பூனையை அப்புறம் பாக்கலாம். முதல்ல உள்ள இருக்கிற ரெண்டையும் இன்னைக்கே வேற வேற அறையில போடுங்க.

பெட்டைக்கு உங்க கடுவன் மேல எந்தக் கோபமும் இல்ல. வெளிய நிக்கிறதை அடிக்கணும், கண்ணாடி தடுக்குது. உடம்பு முழுக்கச் சண்டைக்கு ஏறி நிக்கிற அந்த நேரத்துல பக்கத்துல எது அசைஞ்சாலும் அதுதான் எதிரி. உங்க கால் அசைஞ்சா காலும் கடிபடும். ஆனா அதுக்குப் பிறகு நடக்கிறதுதான் மோசம். அடி வாங்கினது பயந்து ஓடும், ஓடுறதைப் பாத்து மத்தது துரத்தும். நாலு தரம் அப்படி நடந்தா, வெளிப் பூனை எட்டிப் பாக்காத நாள்லயும் இதுங்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எதிரியாவே நினைச்சுக்கும். அடிச்சுப் பிடிச்சு தானா சரியாகட்டும்னு விட்டா, கிழமைக் கணக்குல முடியிற விஷயம் மாசக் கணக்குல இழுக்கும்.

பெட்டை ஏறி நிக்கிறப்ப கையால தூக்காதீங்க, பேரைச் சொல்லித் தடவிச் சமாதானப்படுத்தவும் போகாதீங்க. ஒரு பெரிய அட்டைத் துண்டை ரெண்டுக்கும் நடுவுல இறக்குங்க, இல்லன்னா தடிச்ச கம்பளியைப் போட்டு மூடுங்க. அப்படியே இருட்டான அறைக்குள்ள தள்ளிவிட்டு, தண்ணியும், மலசலத்துக்கு மண் தட்டும் வச்சுக் கதவைச் சாத்துங்க. சிலது ஒரு மணித்தியாலத்துல அடங்கும், சிலதுக்கு ரெண்டு நாள் பிடிக்கும். கண்மணி விரிஞ்சிருந்தா, வால் நுனி துடிச்சா இன்னும் அடங்கலன்னு அர்த்தம். சாப்பாடு வச்சா அமைதியா வந்து சாப்பிடுதா, அதுதான் நல்ல அடையாளம்.

சேர்க்கிறது மணத்துல இருந்து ஆரம்பிக்கணும். ஒண்ணு படுக்கிற துணியை மத்ததோட அறையில போடுங்க. சுத்தமான காலுறை ஒண்ணால ஒண்ணோட கன்னத்தைத் தடவி, மத்ததோட சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வைங்க. முகர்ந்துட்டுப் பேசாம போற வரைக்கும் அடுத்ததுக்குப் போகக் கூடாது. அதுக்குப் பிறகு, மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சாப்பாடு. முதல் நாள் கதவுல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி, பிறகு ஒவ்வொரு வேளையும் ஒரு அடி கிட்ட. சீறினா முந்தின இடத்துக்கே தட்டைத் தள்ளுங்க. கதவை ஒட்டி ரெண்டும் நிம்மதியா சாப்பிட்டா, கதவை ரெண்டு விரல் அகலம் திறந்து, அதுக்கு மேல அசையாத மாதிரி ஆப்பு வைங்க. கடைசியாத்தான் ஒரே அறை. அஞ்சு பத்து நிமிஷம், கையில தீனியோட, நல்லா போயிட்டு இருக்கும்போதே பிரிச்சிடணும். சண்டை வர்ற வரைக்கும் காத்திருந்து பிரிச்சா, அன்னைக்குக் கடைசியா மனசுல நிக்கிறது சண்டைதான்.

மண் தட்டு ரெண்டு பூனைக்கு மூணு வேணும், மூணும் வேற வேற மூலையில. ஒரே வரிசையில மூணை வச்சா பூனைக்கு அது ஒரு தட்டுதான், ஒண்ணு போய் வழியில உக்காந்துக்கிட்டா மத்தது மூத்திரத்தை அடக்கும். மரத்தூள் போடுறதா இருந்தா, புதுசா அறுத்த யூகலிப்டஸ், பைன் தூள் வேண்டாம். மணத்துக்கே பூனை தட்டை வெறுத்துடும்.

கம்பிவலை_பதுளை:

அக்கா சொன்னது நடக்கிற நேரத்துல வெளிய செய்ய வேண்டியது இது.

விறகு அடுக்கை ஜன்னல்ல இருந்து எடுங்க. பாதிப் பிரச்சினை அதுதான். கடுவனுக்கு உயரமான, காய்ஞ்ச, உள்ள எட்டிப் பாக்கக்கூடிய ஒரு இடம் கிடைச்சிருக்கு. எடுத்த பிறகு ஜன்னல் விளிம்புல குந்தினா, விளிம்புக்கு மேல 45 பாகை சாய்வா ஒரு பலகையை அடிங்க, நிக்க முடியாது. கீழ பூப்பாத்தி இருந்தா கோழிவலையை மண்ணு மேல மட்டமா விரிச்சு, ஓரத்தைக் கல்லு வச்சு அமுக்குங்க, கால் வைக்கப் பிடிக்காது. இரவுல மீன் கழுவின தண்ணி, மிச்சச் சோறு, கருவாட்டுத் தலை எதுவும் குசினி வாசல்ல இருக்கக் கூடாது. விறகடுப்புச் சுவருக்கு வெளிப்பக்கம் ராத்திரி சூடா இருந்தா, அந்தக் குளிருக்குக் கடுவன் அங்கயும் வந்து படுக்கும், அந்த மூலையையும் பாருங்க.

அடுத்தது கண்ணாடி. கண்ணாடியை மங்கலாக்குற ஃப்ரொஸ்டட் ஸ்டிக்கர் ஹார்ட்வெயார் கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. ஜன்னல் விளிம்புல இருந்து 60 சென்ரிமீட்டராவது மறையணும். எதிர்ல மதிலோ தண்ணித் தாங்கியோ இருந்து அது மேலயும் அந்தப் பூனை உக்காருமானா, கண்ணாடி முழுக்க ஒட்டுங்க. நம்ம பக்கத்துல இது உரியுறதுக்குக் காரணம் பசை இல்ல, ஈரம். விடியக்காலைல கண்ணாடியோட உள்பக்கம் வேர்க்கும், அந்த நேரம் ஒட்டினா ரெண்டு கிழமைல ஓரம் சுருளும். வெயில் ஏறின பிறகு, பகல்ல ஒட்டணும். கண்ணாடியைச் சவர்க்காரத் தண்ணியால கழுவி, திரும்ப அதே தண்ணியை மெல்லிசா தெளிச்சு, ஸ்டிக்கரை வச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்குப் பழைய பிளாஸ்டிக் கார்ட்டால தள்ளுங்க. ஓரம் சட்டத்துல முட்டாம 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க, முட்டினா சட்டத்து ஈரம் பசைக்குள்ள ஏறும். ஒயில் பேப்பர் ஒட்டுறது காசுக்கு லாபம்தான், மழைக் காலத்துல தொய்ஞ்சு விழும்.

எல்லா ஜன்னலையும் மூடிடாதீங்க. அந்தக் கடுவன் வராத பக்கத்துல ஒண்ணை விட்டு வைங்க. வெளிய பாக்கிறதைத் தவிர உள்ளயே வளர்ற பூனைக்கு வேற என்ன பொழுதுபோக்கு?

கிட்ட ஏதாவது அசைஞ்சா தானா தண்ணி பீச்சுற கருவி நல்லா வேலை செய்யும். ஆனா அதுக்கு ஹோஸ்ல எந்த நேரமும் அழுத்தம் வேணும். தோட்டத்துக் குழாய் லைன்ல நேரத்துக்கு நேரம் தண்ணி வர்ற வீட்டுல அது சும்மா நிக்கும்.

நுவரெலியா_தோட்டத்தான்:

பூச்சி உருண்டை வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் நப்தலீன், பூனையோட இரத்த அணுக்களையும் ஈரலையும் கெடுக்கும். வெளிய போட்டாலும் வாடை கதவிடுக்கால உள்ளதான் வரும். யூகலிப்டஸ் தைலம், சித்திரொனெல்லா தைலம் தெளிக்கிறதும் அப்படித்தான், நம்ம ஊர்ல மலிவுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. இந்த எண்ணெய்களை உடைச்சு வெளியேத்துற நொதி பூனையோட ஈரல்ல குறைவு. கால்ல பட்டு நக்கினாலே போதும். மிளகாய்த்தூள் முதல் மழையோட போயிடும், அதுக்குள்ள கண்ணுல பட்ட பூனை யாருடையதோ. காயத்துக்குப் பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கிறவங்களும் இருக்காங்க, ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லும்.

வேற தோட்டத்துல விடுறதைப் பத்தி. சாப்பாடும் பெட்டைகளும் இருக்கிற இடம் காலியானா அடுத்த கடுவன் வரும். கொண்டுபோய் விட்டது ஒண்ணு திரும்ப வரும், இல்ல தெரியாத மலையில சிறுத்தைக்கோ நாய்க்கோ இரையாகும். நம்ம தேயிலை மலையில சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது தெரிஞ்ச விஷயம்தானே, உங்க பூனைங்களையும் ராத்திரி வெளிய விடாதீங்க.

இன்னொண்ணு. கூரை மேல கேக்கிற சத்தம் எல்லாம் பூனை இல்ல, மரநாயாவும் இருக்கும். பொறி வைக்கிறதுக்கு முதல் பழைய போன் ஒண்ணை ஜன்னல்ல வச்சு ஒரு ராத்திரி வீடியோ எடுத்துப் பாருங்க. சிறுத்தையை விட்டா இலங்கையில காட்டுப் பூனை இனம் இன்னும் மூணு இருக்கு. அதுல மீன்பிடிப் பூனை நீரோடை வழியா மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் வரும். வீட்டுப் பூனையை விடப் பெரிசு, சாம்பல் உடம்புல கரும்புள்ளி, வால் குட்டை. அதெல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, தொடக் கூடாது. மஞ்சள் நிறம், உப்பின கன்னம்னு நீங்க சொல்றது சாதாரண வீட்டுக் கடுவன்தான், சந்தேகம் இல்ல.

ஹட்டன்_மூடுபனி:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டையும் பிரிச்சாச்சு, விறகையும் எடுத்தாச்சு. ஒரு விஷயம் கேக்கணும். கடுவன் தனி அறையில நேத்துல இருந்து அடிக்கடி தட்டுக்குப் போய் உக்காருது, ரொம்ப நேரம் இருக்குது, மண்ணுல ஈரம் கொஞ்சம்தான். இதுவும் பீச்சுற பழக்கம்தானா? சுவர் நாத்தத்துக்கு டெட்டோல் போட்டுத் துடைச்சா போகுமா?

பண்டாரவளை_அக்கா:

இது பீச்சுறது இல்ல. இன்னைக்கே வைத்தியரிட்ட கொண்டு போங்க.

பீச்சுற பூனை நின்னுக்கிட்டே வாலைத் தூக்கி, வால் நடுங்க, சுவர்ல அடிக்கும். குந்தி உக்காந்து முக்குறது மூத்திரப்பைத் தொந்தரவு. பூனைக்கு மன அழுத்தத்தாலயே மூத்திரப்பை வீங்கும், வெளிக் கடுவன் வந்து போற வீட்டுல இது புதுசு இல்ல. பெட்டைக்கு வந்தா வேதனையோட போகும். கடுவனுக்கு மூத்திரக் குழாய் ஒடுக்கம், சளியும் துகளும் சேர்ந்து அடைச்சிடும். முழுக்க அடைச்சா பொட்டாசியம் இரத்தத்துல ஏறி ரெண்டு மூணு நாள்ல உயிர் போகும். ஈரம் கொஞ்சமாவது இருக்குன்னா இன்னும் முழுசா அடைக்கல. வாந்தி எடுத்தா, அடி வயித்துல எலுமிச்சங்காய் அளவு உருண்டை கடினமா தட்டுப்பட்டா, ஒரு துளியும் வராம முக்கினா, விடியட்டும்னு இருக்காதீங்க. வயித்தை அமுக்கிப் பிதுக்கவும் கூடாது, பை கிழியும்.

முதல்ல பக்கத்துல இருக்கிற மிருக வைத்தியருக்கு போன் பண்ணி, கடுவன் பூனைக்கு மூத்திரம் எடுக்கக் குழாய் போட வசதி இருக்கான்னு கேளுங்க. எல்லா இடத்துலயும் இருக்காது. இல்லன்னா பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடைப் போதனா வைத்தியசாலை. ஹட்டன்ல இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஓடும்ங்கிறதையும் கணக்குல எடுத்துக்கிட்டு, தாமதிக்காம வெளிக்கிடுங்க.

சுவருக்கு டெட்டோல் வேண்டாம். அந்த வகைக் கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு, கால்ல பட்டா நக்கும். அமோனியா வாடை உள்ளதும் வேண்டாம், பூனை மூக்குக்கு அது மூத்திர வாடை மாதிரியே இருக்கும், அதே இடத்துல திரும்ப அடிக்கும். நொதி சேர்ந்த சலவைத்தூள் ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணி பத்துப் பங்கு. கொதிக்கிற தண்ணி ஊத்தினா நொதி செத்துடும். நல்லா ஊற விட்டு, பச்சைத் தண்ணியால கழுவி, காய்ஞ்ச பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால துடைங்க, அது காயிற வரைக்கும் பூனை கிட்ட வரக் கூடாது. சுண்ணாம்பு அடிச்ச சுவர்னா வேலைக்காகாது, உள்ளுக்கு உறிஞ்சிடும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துட்டுத் திரும்பப் பூசணும். வெயில் நாள்ல நாத்தம் போயிட்ட மாதிரி இருந்து, பனி இறங்கினா திரும்ப வரும், ஏன்னா யூரிக் அமிலத் துகள் ஈரத்துல மறுபடி வாடையைக் கிளப்பும். அதனால சுத்தம் ஆச்சான்னு மூடுபனி நாள்ல முகர்ந்து பாருங்க. இடம் தெரியலன்னா ஊதாக் கதிர் டோர்ச் அடிச்சா இருட்டுல மங்கலா ஒளிரும். வெளிக்கதவு, படிக்கட்டு, இஸ்தோப்புத் தூண் எல்லாத்தையும் இதே மாதிரி கழுவணும். கதவுக்கு வெளிய வாடை இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறதும் பதில் சொல்லும். சப்பாத்தை உள்ள எடுத்துப் பெட்டியில போடுங்க.

கம்பிவலை_பதுளை:

கடுவன் சுகமான பிறகு வெளிப் பூனைக்கு வாங்க. நிரந்தரமா தீர்க்கிறது கருத்தடைதான். லயத்துல கேட்டுச் சொந்தக்காரர் இருந்தா முதல்ல அவங்களோட பேசுங்க. "உங்க பூனை தொந்தரவு"ன்னு ஆரம்பிச்சா கதவு மூடிடும். எலி பிடிக்கிற பூனைக்கு ஒப்பரேஷன் செஞ்சா எலி பிடிக்காதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது சரியில்ல. சண்டையும் அலைச்சலும்தான் குறையும், காயம்பட்டுச் சீழ் பிடிக்கிறது குறையும், பூனை கூட நாள் வீட்டுல இருக்கும். செலவை நீங்க ஏத்துக்கிறதா சொல்லுங்க.

சீசன் முடிஞ்சா தானா போயிடும்னு காத்திருக்காதீங்க. பெட்டைக்குச் சினை வேட்கை வர்றது பகல் வெளிச்ச நீளத்தைப் பொறுத்தது. குளிர் நாட்டுல பனிக்காலத்துல நிக்கும். நமக்குப் பகல் நீளம் வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எல்லா மாசமும் சீசன்.

பிடிக்கிறதுக்கு, எலிக்கூடு செய்ற வெல்டிங் கடையில நீளம் 85 முதல் 90 சென்ரிமீட்டர், அகலம் 30, உயரம் 35 சொல்லிச் செய்யலாம். மிதிதட்டு கூட்டுக்குள்ள முக்கால்வாசித் தூரத்துல இருக்கணும். வாசல் கிட்ட வச்சா கதவு முதுகுல விழும், அந்தப் பூனை பிறகு கூட்டைத் திரும்பியும் பாக்காது. முதல் மூணு நாலு நாள் கதவைக் கட்டி வச்சு, உள்ள டின் மீன் ஒரு கரண்டி மட்டும். பயம் தெளிஞ்ச பிறகு கட்டை அவிழுங்க. கூட்டை வச்சுட்டுத் தூங்கப் போகாதீங்க, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாருங்க. அடைபட்ட பூனைக்கு நாயும் சிறுத்தையும் மழையும் ஆபத்து. விழுந்த உடனே கம்பளியால முழுக்க மூடினா அடங்கிடும். கையை உள்ள விடாதீங்க.

கடிபட்டா சின்னக் கீறல்னு விடாம, ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவி, நேரா அரசாங்க ஆஸ்பத்திரி. விசர்நோய் (ரேபிஸ்) நாய்க்கு மட்டும் வர்றது இல்ல. உள்ளயே வளர்ற உங்க ரெண்டுக்கும் வருஷ ஊசி தவறாம இருக்கட்டும். அந்தக் கடுவனுக்கும் ஒப்பரேஷன் மயக்கத்துலயே விசர் ஊசி போட்டு, இடது காது நுனியை ஒரு சென்ரிமீட்டர் வெட்டி அடையாளம் வைக்கச் சொல்லுங்க, இன்னொருத்தர் திரும்பப் பிடிச்சு மயக்கம் கொடுக்க மாட்டாங்க. எட்டு மணித்தியாலமாவது சாப்பாடு இல்லாம கொண்டு போகணும், நேரத்தை வைத்தியரிட்டயே கேட்டுக்கோங்க.

திரும்பக் கொண்டு வந்த ராத்திரிதான் நம்ம ஊர்ல கவனிக்க வேண்டியது. மயக்க மருந்துல உடம்புச் சூடு இறங்கும், வெளிய பத்துப் பாகைக் குளிர்னா தாங்காது. சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்திக் கூட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் வைங்க, அதிகமா சுட்டா நகர்ந்துக்க இடம் வேணும். ஆடாம நிக்கிற வரைக்கும் சாப்பாடு கொடுக்காதீங்க. 24 மணித்தியாலம் கழிச்சுப் பிடிச்ச இடத்துலயே விடலாம்.

விட்ட மறுநாளே மாறிடும்னு நினைக்காதீங்க. ஹோர்மோன் சீக்கிரம் இறங்கும், பழக்கம் இறங்கக் கிழமைகள் ஆகும். ஒப்பரேஷனுக்குப் பிறகும் சில கிழமைகளுக்குப் பெட்டையைச் சினையாக்கவும் முடியும். பீச்சுறது பத்துக்கு ஒன்பது கடுவன்ல குறையும், மிச்சம் ஒண்ணு பழக்க தோஷத்துல தொடரும். அதனால ஜன்னல் ஸ்டிக்கரை அவசரப்பட்டுக் கழட்டாதீங்க.

நுவரெலியா_தோட்டத்தான்:

பூனையை அமைதிப்படுத்துற மணத்தைப் பரப்புற, பிளக்குல சொருகுற ஃபெலிவேயை யாரும் சொல்லல, நானும் முதல் மருந்தா சொல்ல மாட்டேன். கிடைச்சா, சண்டை நடக்கிற அறையிலயே சொருகணும், ஒரு போத்தல் சுமார் ஒரு மாசம் வரும். ஜன்னலைத் திறந்து வச்சா காத்தோட போயிடும். வெளிக் கடுவன் கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருந்தா அந்தக் காசு வீண்.

ஹட்டன்_மூடுபனி:

வைத்தியருக்குப் பேசியாச்சு, உடனே கொண்டு வரச் சொன்னாங்க. கடுவனை மட்டும் கொண்டு போனா போதுமா, பெட்டையையும் சேர்த்தா?

பண்டாரவளை_அக்கா:

கடுவனை மட்டும். வழியில முக்கினா தெரியிற மாதிரி கூட்டுக்குள்ள வெள்ளைத் துணி போடுங்க, இரத்தம் கலந்திருந்தாலும் தெரியும். திரும்பி வந்ததும் நேரா பெட்டை கிட்ட விட்டுடாதீங்க, ஆஸ்பத்திரி வாடையோட வர்ற பூனையை அது அடையாளம் தெரியாத பூனையாத்தான் பாக்கும். தனி அறையிலயே வச்சு, பெட்டை படுத்த துணியால உடம்பைத் துடைச்சு விடுங்க. கதவோரச் சாப்பாட்டை ரெண்டு மீட்டர்ல இருந்து திரும்ப ஆரம்பிங்க. ஈரச் சாப்பாடு, தண்ணி கூட. காய்ஞ்ச தீனியை இப்போதைக்கு நிறுத்தலாமான்னு வைத்தியரிட்டக் கேளுங்க.